கைகூப்பச் சட்டம் உண்டு. கனிவுக்குச் சட்டம் உண்டா?

சட்டத்தின் கை நீளமானது. வரி கட்டு என்கிறது, கட்டுகிறோம். சாலையில் இடப்புறமாகச் செல் என்கிறது, செல்கிறோம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்கிறது. அனுப்புகிறோம், அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அதே சட்டம் பள்ளிக்கூடத்துக்குள்ளே நுழைந்து, ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்து, "கண்ணை மூடு, கையைக் குவி, கடவுளைத் தொழு" என்று கூறுமானால் என்ன நிகழும்? குழந்தை கண்ணை மூடும், கையைக் குவிக்கும். தொழுததா என்பதை எந்த அதிகாரியாலும் கண்டறிய இயலாது. மேனி பணிந்ததைக் கணக்கெடுக்கலாம். உள்ளம் பணிந்ததை அளக்கும் கோல் எந்த அரசாங்கத்தின் கருவூலத்திலும் இல்லை.

இது கற்பனை அன்று, தோழர்களே! பாராளுமன்றங்களின் தாய் என்று போற்றப்படும் இங்கிலாந்தில், அரசாங்கப் பணத்தில் நடைபெறும் ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு பள்ளி நாளிலும் கூட்டு வழிபாடு நடந்தாக வேண்டும் என்பது சட்டம். சமயச் சார்பு ஏதுமற்ற பொதுப்பள்ளியிலும் அவ்வழிபாடு, முழுதுமோ பெரும்பகுதியோ, பரந்த கிறித்துவத் தன்மை உடையதாக இருத்தல் வேண்டும் என்பதும் சட்டம். அந்நாட்டில் நாத்திகர் அமைச்சராகலாம். இந்து ஒருவர் பிரதமராகவே அமர்ந்தார், 2022-ஆம் ஆண்டில். ஆயினும் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு மட்டும் வழிபாடு கட்டாயக் கடமை!

வழிபாட்டை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. கிறித்துவத்தைக் குறை கூறுவதற்காகவும் அன்று. அன்பும் அருளும் பொதுநலமும் குழந்தைகளின் நெஞ்சிலே பதிய வேண்டும் என்று எண்ணுவோரின் நோக்கத்தை நாம் மதிக்கிறோம். அந்த நோக்கத்துக்கு ஆணை துணை செய்கிறதா, அல்லது அதன் வேரிலே வெந்நீர் ஊற்றுகிறதா என்பதே நம் கேள்வி.

பேரம் பிறந்த கதை

வரலாற்றைப் பார்ப்போம். இங்கிலாந்திலே ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க முதலில் முன்வந்தது அரசாங்கம் அன்று; திருச்சபைகள். ஆங்கிலத் திருச்சபை அதற்கெனத் தேசியச் சங்கத்தை நிறுவிய ஆண்டு 1811. அரசாங்கம் பள்ளிக் கட்டடங்களுக்கென 20,000 பவுன் ஒதுக்கியது 1833-இல்தான். அரசு உறங்கிய காலத்தில் விளக்கேற்றியவர்கள் பாதிரிமார்கள். இதை மறைப்பது நேர்மையன்று.

1870-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப் பணத்தில் பள்ளிகளை நிறுவியபோது, எந்த ஒரு சபைக்கும் உரிய தனி வேதபாடத்தை அங்கே புகுத்தலாகாது என்று வரம்பு கட்டியது. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையைச் சமயப் பாடத்திலிருந்து விலக்கிக் கொள்ளலாம் என்ற உரிமையும் வந்தது. 1902-இல் திருச்சபைப் பள்ளிகளுக்கு உள்ளூர் வரிப்பணத்திலிருந்து உதவி என்று சட்டம் வந்ததும் நாடு கொதித்தது. கொதித்தவர்கள் நாத்திகர்கள் அல்லர், கிறித்துவர்களே. ஆங்கிலத் திருச்சபையைச் சேராத சபையினர், "எங்கள் வரிப்பணத்தில் பிறர் கோட்பாட்டைப் போதிப்பதா?" என்று கேட்டனர். பாப்டிஸ்டுப் போதகர் ஜான் கிளிபோர்டு தலைமை தாங்கினார். வரி கட்ட மறுத்தோரின் வீட்டுப் பொருள்கள் பறிமுதலாயின. சிறை சென்றோரும் உண்டு. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தின் வரலாற்றை எழுதிய காந்தியார், அந்நூலிலே இக்கிளர்ச்சியைக் குறிப்பிடுகிறார். மனச்சான்றின் பெயரால் அரசை எதிர்த்து நிற்கலாம் என்பதைக் காட்டியோருள் பக்தி மிக்க கிறித்துவர்களும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

பின்னர் வந்தது போர்க்காலம். அனைவர்க்கும் இடைநிலைக் கல்வி என்ற பெருந்திட்டத்தோடு வந்தார் அமைச்சர் பட்லர். ஆயிரக்கணக்கான பள்ளிகள் சபைகளின் கையில் இருந்தன. அவற்றைப் பொது அமைப்புக்குள் கொண்டுவராமல் திட்டம் நிறைவேறாது. காண்டர்பரிப் பேராயர் வில்லியம் டெம்பிளோடு பேச்சு நடந்தது. சபைப் பள்ளிகள் பொது அமைப்புக்குள் வந்தன. அரசின் பணம் அப்பள்ளிகளுக்குச் சென்றது. அதனோடு, எல்லாப் பள்ளிகளிலும் நாள்தோறும் கூட்டு வழிபாடும் சமயப் போதனையும் சட்டப்படி கட்டாயமாயின. அதுதான் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அதற்கு முன்பும் பள்ளிகளில் வழிபாடு நடந்தது, வழக்கமாக நடந்தது. அந்த வழக்கம் அந்த ஆண்டில் ஆணையாயிற்று.

இந்த இடத்தில் இந்தியாவையும் நினைத்துக்கொள்ள வேண்டும். நம்மை ஆண்ட அதே ஆங்கிலேயர், 1854-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற உட் அறிக்கையில், இந்தியாவின் அரசாங்கப் பள்ளிகளில் கல்வி சமயச் சார்பற்றதாகவே இருத்தல் வேண்டும் என்று விதித்தனர். பல சமயத்தார் வாழும் நாட்டிலே ஒரு சமயத்தைப் பள்ளியில் ஏவினால் அமைதி குலையும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்தது. கடல் கடந்து ஆளவந்த இடத்தில் இருந்த அந்தத் தெளிவு, தம் சொந்த வீட்டிலே 90 ஆண்டு கழித்துச் சட்டம் இயற்றியபோது எங்கே சென்றது?

திட்டமிடும் ஆசிரியரின் திண்டாட்டம்

1988-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் பழைய கட்டாயத்தை நீக்கவில்லை, மெருகேற்றியது. வழிபாட்டை நாளின் தொடக்கத்தில்தான் நடத்த வேண்டும் என்பதில்லை, பள்ளி முழுதும் ஒரே இடத்தில் திரள வேண்டும் என்பதுமில்லை என்று சிறிது தளர்த்திவிட்டு, 'பரந்த கிறித்துவத் தன்மை' என்ற சொற்களை முதன்முறையாகச் சட்டத்தில் எழுதி இறுக்கியது. பிரபுக்கள் சபையில் நடந்த வாதங்களில் விளைந்த சொற்கள் அவை. 1994-இல் கல்வித் துறை விட்ட சுற்றறிக்கை இன்னும் ஒருபடி சென்றது. வழிபாடென்றால் தெய்வத்துக்கோ தெய்வ ஆற்றலுக்கோ செலுத்தும் வணக்கம். கிறித்துவத் தன்மை என்றால் ஏசு கிறித்துவுக்குத் தனிச் சிறப்பளிக்கும் கூறுகள் இருத்தல் வேண்டும். ஒரு பருவத்தின் வழிபாடுகளை மொத்தமாகக் கணக்கிட்டால் பெரும்பாலானவை அத்தன்மையுடையவாக இருத்தல் வேண்டும் என்று அறிக்கை விளக்கிற்று. பக்தியைப் பருவக் கணக்கில் பார்க்கும் விந்தையை அரசாங்க அலுவலகங்களே செய்ய இயலும்!

இதை நடைமுறையில் சுமப்பவர் யார்? தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியரும், வழிபாட்டுக்குப் பொறுப்பேற்ற ஆசிரியரும். ஆண்டு தொடங்கும் முன்பே அட்டவணை போடுகிறார்கள். ஆண்டுக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்துக்கும் இரு பாதி. ஆக ஆறு கூறுகள். கூறு ஒன்றுக்கு ஒரு பண்பு: நன்றி, இரக்கம், துணிவு, மன்னிக்கும் மனம், நம்பகம், நீதி. பண்பு ஒவ்வொன்றுக்கும் பைபிளிலிருந்து ஒரு கதை. பிள்ளைகள் கூடத்திலே அமர்கிறார்கள், மெழுகுவத்தி ஏற்றப்படுகிறது, கதை கூறப்படுகிறது, பாட்டு, சற்று நேரம் அமைதி, இறுதியில் வழிபாட்டுரை, பின் வகுப்புக்குத் திரும்புதல்.

இவற்றில் பெரும்பகுதி நல்ல கல்வி. ஒன்றுகூடி அமர்தல் நன்று. அமைதி நன்று. கதை மிக நன்று. இரக்கத்துக்கு எடுத்துக்காட்டாக அவர்கள் கூறும் நல்ல சமாரியன் கதையைப் பாருங்கள். வழிப்பறிக்காரரால் அடிபட்டுச் சாலையோரம் கிடக்கிறான் ஒருவன். ஆலயப் பணியாளன் ஒருவன் பார்த்துவிட்டு விலகிச் செல்கிறான். லேவியன் ஒருவனும் விலகிச் செல்கிறான். நின்று, காயம் கட்டி, தன் கழுதைமேல் ஏற்றிச் சென்று, விடுதிக்குப் பணமும் கொடுத்தவன், அவ்வூரார் இழிவாக எண்ணிய இனத்தைச் சேர்ந்த சமாரியன். கதை கூறும் நீதி என்ன? வழிபாட்டுக்கு உரியவன் வழியில் விட்டுச் சென்றான். வெறுக்கப்பட்டவன் மனிதனாக நின்றான் என்பதல்லவா? இந்தக் கதையைக் கேட்க இசுலாமியக் குழந்தைக்கும் உரிமை உண்டு, இந்துக் குழந்தைக்கும் உண்டு, கடவுள் நம்பிக்கையற்ற வீட்டுக் குழந்தைக்கும் உண்டு. கதையைக் கூறுவது கல்வி. கூறிவிட்டு, "இனி அனைவரும் தலைவணங்கிச் செபிப்போம்" என்பது வழிபாடு. இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை அழித்ததுதான் 1944-இன் பிழை. அழிந்த கோட்டின்மேல் மை பூசியது 1988.

திறந்த கதவா, தீராத சுமையா?

"ஏன் கலங்குகிறீர்கள்? விரும்பாதவர் விலகிக் கொள்ளலாமே! காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லையே!" என்பர் சட்டத்தின் ஆதரவாளர். உண்மை, விலகல் உரிமை இருக்கிறது. ஆசிரியருக்கும் உண்டு. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேல்வகுப்பில் பயிலும் பெரிய மாணவர் தாமே விலகவும் வழி பிறந்தது. ஆனால் தொடக்கப் பள்ளிக் குழந்தை தானாக விலக இயலாது. பெற்றோர்தாம் கேட்க வேண்டும்.

கேட்டபின் நிகழ்வது என்ன? தோழர்கள் அனைவரும் கூடத்துக்குச் செல்ல, ஒரு குழந்தை மட்டும் வேறோர் அறையிலே அமர்த்தப்படுகிறது. வண்ணப் பென்சிலும் படப் புத்தகமும் கொடுக்கலாம், அன்பாகவே நடத்தலாம். ஆயினும், "நான் மட்டும் ஏன் இங்கே?" என்ற கேள்வி அந்தப் பிஞ்சு நெஞ்சில் எழும். கூடத்திலே அன்றைய பண்பு 'அனைவரையும் அரவணைத்தல்' என்றிருந்தால், அந்தப் பாடத்தைக் கேட்காமல் வெளியே இருப்பது அந்தக் குழந்தை! இதைவிடக் கொடிய முரண்பாடு உண்டோ?

இலண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும், போர்க் கொடுமையால் ஈழத்தை விட்டுச் சென்ற நம் இனத்தார் பல்லாயிரவர் வாழ்கின்றனர். அவர்களின் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில்தாம் பயில்கின்றனர். எத்தெய்வமாயினும் தெய்வமே என்று மனமார இசைவோர் அவர்களுள் உண்டு. அது அவர்களின் உரிமை. ஆனால் பிள்ளை தனித்துப் போகுமோ, ஆசிரியர் முகம் சுளிப்பரோ, வந்தேறியின் வம்பு என்று பேசுவரோ என்றஞ்சி வாய்மூடி இருப்போரும் இருக்கத்தானே செய்வர்? விரும்பி இசைவது வேறு. வேறு வழியின்றி இசைவது வேறு. சட்டத்தின் கணக்கில் இரண்டும் ஒன்று.

2025-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் ஐக்கிய முடியரசின் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துரைத்தது. வட அயர்லாந்திலே, பெல்பாஸ்டு நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்கு வயது முதல் ஏழு வயது வரை பயின்ற சிறுமியும் அவள் தந்தையும் தொடுத்த வழக்கு அது. பெற்றோர் சமய நம்பிக்கையற்றவர். பிள்ளையோ, பள்ளியில் பயின்றவாறு வீட்டிலும் உணவுக்கு முன் செபம் சொல்லலானாள். அங்கே சமயப் பாடத்திட்டத்தின் கருவை வகுத்தவை நான்கு பெரிய கிறித்துவச் சபைகள். போதனையும் வழிபாடும் நடுநிலையோடும், ஆராயும் நோக்கோடும், பல கருத்துக்கும் இடம் தரும் வகையிலும் அமையவில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்த நீதிமன்றம், விலகல் உரிமை உண்டு என்பதால் அக்குறை நீங்கிவிடாது, அவ்வுரிமை பெற்றோர்மேல் தகாத சுமையை ஏற்றுகிறது, குழந்தை தனிமைப்படவும் இடமுண்டு என்றது. சமயக் கல்வியே கூடாது என்று நீதிமன்றம் கூறவில்லை. அந்த மண்ணின் வரலாற்றில் கிறித்துவத்துக்குள்ள இடத்தை மறுக்கவுமில்லை. இங்கிலாந்துச் சட்டத்தின் வாசகமும் அதனால் மாறிவிடவில்லை. ஆயினும், "கதவு திறந்திருக்கிறதே!" என்று இத்தனை காலம் கூறிவந்தோருக்கு, அந்தக் கதவைத் திறக்கும் பாரம் யார் தோள்மேல் விழுகிறது என்பதை அத்தீர்ப்பு காட்டிவிட்டது.

பண்புப் பட்டியலும் பழுதான சட்டமும்

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். 2014-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கல்வித் துறை, எல்லாப் பள்ளிகளும் 'அடிப்படைப் பிரிட்டிஷ் பண்புகளை' வளர்க்க வேண்டும் என்றது. சனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனித உரிமை, மாற்றுச் சமயத்தாரையும் மாற்றுக் கருத்தினரையும் மதித்துப் பொறுத்தல் என்பன பட்டியல். பட்டியல் நன்று. சனநாயகத்துக்குப் 'பிரிட்டிஷ்' என்று பட்டா எழுதிக்கொண்டதை மட்டும், அந்தச் சனநாயகத்துக்காக அந்த ஆட்சியிடமே போராடிய நாடுகள் புன்முறுவலோடு பார்க்கும்!

பட்டியலில் இரண்டாவது என்ன? சட்டத்தின் ஆட்சி. வழிபாட்டுச் சட்டத்தின் நிலை என்ன? அச்சட்டத்தின் அறுபதாம் ஆண்டு நிறைவின்போது, 2004-இல், பள்ளிகளின் தலைமை ஆய்வாளர் டேவிட் பெல் வெளிப்படையாகவே கூறினார்: இடைநிலைப் பள்ளிகளில் 76 விழுக்காடு இச்சட்டத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்று. சட்டத்தைப் பெரிதும் கடைப்பிடிப்பவை தொடக்கப் பள்ளிகளே. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். "ஏன்?" என்று கேட்கும் வயது வந்த பிள்ளைகளிடம் சட்டம் தோற்றுவிட்டது, கேட்கத் தெரியாத பிள்ளைகளிடம் மட்டும் வென்று நிற்கிறது! வாதத்தால் நிற்காமல், வயதால் நிற்கும் சட்டம் இது.

மக்கள் தொகைக் கணக்கும் மாறிவிட்டது. இங்கிலாந்து, வேல்சு இரண்டிலுமாக, தம்மைக் கிறித்துவர் என்று கூறியோர் 2011-இல் 59.3 விழுக்காடு, 2021-இல் 46.2 விழுக்காடு. சமயம் எதுவுமில்லை என்றோர் 25.2-இலிருந்து 37.2 ஆயினர். ஆனால் நம் வாதத்தை இந்த எண்கள்மேல் கட்ட வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஒரு சமயத்தாராக இருந்தாலும், எஞ்சிய ஒரு குழந்தையின் மனச்சான்று ஒரு குழந்தையின் மனச்சான்றுதான். பெரும்பான்மை என்பது ஆட்சி அமைக்க உரிமை தரும். அடுத்தவர் பிள்ளையின் உள்ளத்தை அமைக்க உரிமை தராது.

வியப்பு யாதெனில், இதை ஆங்கிலத் திருச்சபையே உணர்ந்திருக்கிறது. தன் பள்ளிகளுக்கு 2021-இல் அது தந்த வழிகாட்டுரை, வழிபாடு அனைவரையும் உள்ளடக்குவதாகவும், அழைப்பு விடுப்பதாகவும், ஊக்கமூட்டுவதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. அழைப்பு என்றால் மறுக்கவும் இடமுண்டு. பேராயர்கள் அழைப்பு என்கிறார்கள். பாராளுமன்றம் ஆணை என்கிறது. திருச்சபையைவிடச் சட்டப் புத்தகம் பக்தி மிக்கதாக இருப்பது யாருக்குப் பெருமை?

வேறு வழி என்ன?

காலையில் பிள்ளைகள் ஒன்றுகூடட்டும். ஆறு பண்புகளின் அட்டவணை இருக்கட்டும். சமாரியன் கதை இருக்கட்டும். அதனோடு பிற சமயங்களின் கதைகளும், சமயம் சாராத சான்றோர் கதைகளும் வரட்டும். இரண்டு நிமிட அமைதி இருக்கட்டும். அதைச் செபமாக்குவதும் சிந்தனையாக்குவதும் அந்தந்தக் குழந்தைக்கும் அதன் வீட்டுக்கும் உரியது. வழிபாடு வேண்டுவோர்க்கு, அவர்கள் இசைவைப் பெற்றுத் தனி வேளையில் நடக்கட்டும். பண்பு வளர்ந்ததா என்பதை விளையாட்டு மைதானத்திலே பார்க்கட்டும்: விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட எத்தனை கைகள் நீள்கின்றன, புதிதாக வந்த பிள்ளைக்கு யார் பக்கத்தில் இடம் தருகிறார்கள், சண்டைக்குப் பின் யார் முதலில் பேசுகிறார்கள் என்று. அங்கே தேறாத பண்பு, மெழுகுவத்தி முன்னே தேறினும் பயனில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இவ்வகையில் முந்தி நிற்கிறது. முழுதும் அரசின் பணத்தில் நடக்கும் கல்விக்கூடத்தில் சமயப் போதனை கூடாது என்கிறது. அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியிலும், இசைவின்றி எவரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்தலாகாது, சிறுவராயின் காப்பாளரின் இசைவு வேண்டும் என்கிறது. நுட்பத்தைக் கவனியுங்கள்: இங்கிலாந்தில் விலகுவதற்குக் கேட்க வேண்டும், இங்கே சேர்ப்பதற்குக் கேட்க வேண்டும். சுமை அங்கே தனித்து நிற்கும் பெற்றோர்மேல். இங்கே வழிபாட்டை நடத்துவோர்மேல். ஒரு சொல் இடம் மாறியதால் உரிமையே இடம் மாறுகிறது.

ஆனால் ஏட்டிலே இருப்பது நாட்டிலே நிலைக்க வேண்டுமானால் விழிப்பு வேண்டும். எந்தச் சமயத்தின் பெயராலும், எந்தப் பண்பாட்டின் பெயராலும், எந்தப் பெரும்பான்மையின் பெயராலும், பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிபாட்டை ஆணையாக்கும் முயற்சி எழுமானால், நம் தோழர்கள் ஆத்திரப்படாமல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "அய்யா, நீங்கள் பாடச் சொல்லும் வேளையில் பக்கத்து அறையிலே தனியே அமரப்போகும் குழந்தை யாருடையது?" விடை கூறவேண்டியவர்கள் தலைகுனிவார்கள். எந்தச் சட்டமும் ஆணையிடாமலே குனியும் அந்தத் தலை, உண்மையாகவே குனியும்.